குற்றாலத்துக்கு ஒரு ஸ்டேஷன் 51

2020 ஊரடங்கு சமயத்தில் சன் டிவி ‘மெட்டி ஒலி’யைத் திரும்பப் போட்டது பலருக்கும் ஞாபகம் இருக்கும். 2002 முதல் 2005 வரை ஓடி முடிந்த சீரியல். கதை தெரியும், அடுத்து யார் அழப்போகிறார்கள் என்பதும் தெரியும். இருந்தும் அம்மாக்களும் சித்திகளும் புதுசாகப் பார்ப்பதுபோல உட்கார்ந்து பார்த்தார்கள். கூடவே அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள், சீரியல் நேரத்தில் கரண்ட் போனால் ஈ.பி. ஆபீசை எப்படித் திட்டினார்கள் என்று கொசுவத்தி சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். பழைய சீரியல் மேல் உள்ள பாசம் இப்படித்தான். பாதி சீரியலுக்கு, மீதி அதைப் பார்த்த வீட்டுக்கு.

அமெரிக்காவிலும் ஒரு சீரியலுக்காக ஐம்பது வருஷமாகக் கொசுவத்தி சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் மாமியார் கிடையாது, சொத்துத் தகராறு கிடையாது. ஒரு தீயணைப்பு நிலையம், ஒரு சிவப்பு வண்டி, இரண்டு இளைஞர்கள், அவ்வளவுதான். 1972 ஜனவரியில் என்.பி.சி. சேனலில் தொடங்கி 1977 வரை ஆறு சீசன் ஓடியது. பெயர் ‘எமர்ஜென்சி!’. (ஆச்சரியக்குறி பெயரிலேயே உண்டு.)

இந்தப் பெயரை வைத்துக்கொண்டு அது அப்போது இந்தியாவுக்கு வந்திருக்க முடியுமா என்பது தனிக் கேள்வி. 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை இங்கே எமர்ஜென்சி என்றால் வேறு அர்த்தம். சென்னைக்குத் தூர்தர்ஷன் வந்ததே அதற்கு நடுவில்தான், 1975 ஆகஸ்ட் 15-ல். ஆகவே தென்காசியில் ஒரு தாத்தாவைப் பிடித்து ‘எமர்ஜென்சி பார்த்தீங்களா’ என்று கேட்டால் அவர் இந்திரா காந்தியிலிருந்துதான் ஆரம்பிப்பார்.

அந்தக் கதையின் ஆரம்பம் சுவாரசியமானது. 1970 வாக்கில் அமெரிக்காவின் பல ஊர்களில் ஆம்புலன்ஸ் என்றால் ஆளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடும் வண்டி, அவ்வளவே. வழியில் ஊசி போடவோ, நின்றுபோன இதயத்துக்கு ஷாக் கொடுக்கவோ வண்டியில் இருப்பவருக்கு அனுமதி கிடையாது. அதெல்லாம் டாக்டர் வேலை. அந்த வருஷம் கலிபோர்னியாவில் வெட்வொர்த்-டவுன்சென்ட் சட்டம் வந்தது. ஆளுநராக இருந்த ரொனால்ட் ரீகன் கையெழுத்துப் போட்டார். பயிற்சி பெற்ற தீயணைப்பு வீரர்கள், டாக்டரின் வழிகாட்டுதலோடு, சம்பவ இடத்திலேயே சிகிச்சை கொடுக்கலாம் என்பதுதான் சட்டத்தின் சாரம். ‘டிராக்நெட்’ போன்ற போலீஸ் சீரியல்களை எடுத்துப் பெயர் வாங்கிய ஜாக் வெப்பின் கம்பெனி இதைக் கதையாக எடுத்தது. முதல் டெலிபிலிமின் பெயரே அந்தச் சட்டத்தின் பெயர்தான். ஒரு சட்டத்தின் பெயரை எழுத்துப் போட்டு ஒரு கதையை ஆரம்பிக்கும் தைரியம் இங்கே எந்தத் தயாரிப்பாளருக்கு வரும்?

முதல் கதையில் ஜான் கேஜ் என்ற தீயணைப்பு வீரன், மின்சாரம் தாக்கிய ஒரு தொழிலாளியைக் கஷ்டப்பட்டு மீட்கிறான். ஆனாலும் அவர் பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்துதான் சிகிச்சை என்றால், தூக்கிக்கொண்டு வந்து என்ன பிரயோஜனம் என்ற ஆற்றாமைதான் அவனைப் பாராமெடிக் பயிற்சிக்குத் தள்ளுகிறது. டாக்டர் பிராக்கெட்டுக்கோ இந்தத் திட்டத்தில் நம்பிக்கை இல்லை. ‘சில மாதப் பயிற்சியில் டாக்டர் வேலை பார்ப்பார்களா’ என்பது அவர் சந்தேகம். பிற்பாடு அவரே மனம் மாறி சட்டத்துக்கு ஆதரவாகப் பேசுகிறார். சீரியல் முழுக்க ஓடுவது இந்த நம்பிக்கைதான். கேஜும் அவன் கூட்டாளி ராய் டிசோட்டோவும் ஸ்டேஷன் 51-ல் இருந்து கிளம்புவார்கள். சம்பவ இடத்தில் ஒரு பெட்டியைத் திறந்து, அதிலிருக்கும் ரேடியோ போனில் ராம்பார்ட் ஆஸ்பத்திரியைக் கூப்பிடுவார்கள். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் சொல்வார்கள். மறுமுனையில் டாக்டரோ நர்ஸ் டிக்ஸியோ கேட்டு, என்ன மருந்து போட வேண்டும் என்று சொல்வார்கள். அதில் அடிக்கடி வரும் ‘ரிங்கர்ஸ் லாக்டேட்’ என்ற பெயரை அந்தத் தலைமுறை அமெரிக்கக் குழந்தைகள் பாட்டு மாதிரி மனப்பாடமாகச் சொல்வார்கள். நம்மூர் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ் அக்கா ‘ஆர்.எல். போடு’ என்பாரே, அதே பாட்டில்தான்.

நடிகர்கள் இருவரும் நிஜப் பாராமெடிக் வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள். ஸ்டேஷனின் பெரிய வண்டியை ஓட்டுபவராக வந்த மைக் ஸ்டோக்கர் நிஜமாகவே லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி தீயணைப்பு வீரர். கதாபாத்திரத்துக்கும் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். படம் பிடித்த நிஜ நிலையம், கார்சனில் உள்ள 127-ம் எண் நிலையம், இன்று சீரியலை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் சினேடர் பெயரில் இருக்கிறது. 2000-ல் அந்த ஹெல்மெட்டுகளும் ரேடியோ போன் பெட்டியும் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. சீரியல் தொடங்கியபோது அமெரிக்காவில் பாராமெடிக் குழுக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அது ஓடி முடிவதற்குள், ‘அந்த டிவியில் வருகிற ஆட்கள் எங்கள் ஊரில் ஏன் இல்லை?’ என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அதைப் பார்த்துத்தான் இந்த வேலைக்கே வந்தோம் என்று சொல்லும் பாராமெடிக்குகளுக்குக் கணக்கில்லை.

எனவே அந்த ஏக்கம் வெறும் வயசான ஏக்கம் இல்லை. ‘மெட்டி ஒலி’யை நினைத்தால் பழைய வீடு ஞாபகம் வரும். ‘எமர்ஜென்சி!’யை நினைக்கிறவர்களுக்கு ஒரு வேலை ஞாபகம் வருகிறது. ஒரு தலைமுறைக்கே ஒரு வேலையை அறிமுகம் செய்துவைத்த சீரியல் அது.

அதற்காக எல்லாம் பொன் என்று சொல்லிவிடவும் முடியாது. அந்த சீரியலில் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். நிஜத்தில் இதயம் நின்றவர்களில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. இந்த வேலையில் முன்னோடிகள் என்று சொல்லத்தக்கவர்கள் பிட்ஸ்பர்க் நகரத்துக் கறுப்பின இளைஞர்கள். 1967-ல் தொடங்கிய ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ ஆம்புலன்ஸ் சேவையில், டாக்டர் பீட்டர் சஃபாரிடம் பயிற்சி பெற்று, லாஸ் ஏஞ்சலிஸ் சட்டத்துக்கு முன்பே வீதியில் சிகிச்சை கொடுத்தவர்கள். 1975-ல் நகர நிர்வாகம் அதை மூடியது. அந்த நேரத்தில் டிவியில் கேஜும் டிசோட்டோவும் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தார்கள். யார் கதை சொல்லப்படுகிறதோ அவர்களுக்குத்தான் ஏக்கமும் போய்ச் சேர்கிறது.

சரி, தமிழ்நாட்டுக்கு வருவோம். 1999-ல் வந்த ‘சித்தி’யிலிருந்து இன்றைக்கு வரை தமிழ் சீரியலில் எல்லாத் தொழிலும் வந்தாகிவிட்டது. வக்கீல், கலெக்டர், சமையல்காரர், கம்பெனி முதலாளி என்று எல்லோரும் உண்டு. தீயணைப்பு நிலையத்தையோ 108 வண்டியையோ மையமாக வைத்த, ஜனங்கள் இன்றும் பேசுகிற ஒரு சீரியலைச் சொல்லச் சொன்னால் யாரும் முழிப்பார்கள். சினிமாவில் போலீசுக்குப் பஞ்சமே இல்லை. ‘சாமி’ திருநெல்வேலியில் சுற்றினார், ‘சிங்கம்’ தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தார். தீயணைப்புக்கு என்று 2017-ல் ‘நெருப்புடா’ வந்தது. தீயணைப்பு வீரனாகத் துடிக்கும் இளைஞன் என்று ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் ரவுடியோடு மோதப் போய்விட்டார்கள். அதே வருஷம் வந்த ‘அறம்’ நல்ல படம். ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தையை மீட்கும் கதை. ஆனால் அதிலும் மனசில் நிற்பது கலெக்டர்தான். கயிற்றைப் பிடித்தவர்களின் முகம் யாருக்கும் ஞாபகம் இல்லை.

கேபிளில் ஸ்டார் டிவி வந்த 1990-களில் ‘பேவாட்ச்’ வந்ததே என்று சிலர் கேட்கலாம். வந்தது. அதுவும் லாஸ் ஏஞ்சலிஸ் கதைதான். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கிரெகரி போனன் அங்கே கடற்கரையில் நிஜமாகவே உயிர்காப்பாளராக இருந்தவர். அதையெல்லாம் இங்கே யார் பார்த்தார்கள்? அப்பா வந்ததும் சேனல் மாற்றியதுதான் அந்தத் தலைமுறைப் பையன்களின் மலரும் நினைவு. நீரில் மூழ்கியவரை எப்படித் தூக்குவது என்று அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர் ஒருவராவது இருந்தால் ஆச்சரியம்.

தமிழ்நாட்டுக்கு மீட்பு நாடகம் வேறு வடிவத்தில் வருகிறது. 2019 அக்டோபர் 25-ம் தேதி மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். 29-ம் தேதி அதிகாலையில் உடல் மீட்கப்படும் வரை எல்லா நியூஸ் சேனலும் நேரலை. தீபாவளி அதற்கு நடுவில் வந்து போனது. ஊரே தூங்காமல் பார்த்தது. ஆனால் பார்த்தவர்களுக்கு என்ன புரிந்தது? யார் என்ன முயற்சி செய்கிறார்கள், பக்கத்தில் துளை போட்டால் என்ன அபாயம், ஏன் இந்தக் கருவி தோற்றது, இதையெல்லாம் நிதானமாகச் சொல்ல நேரலைக்கு நேரம் இல்லை. கேமரா கூட்டத்தைக் காட்டும், மந்திரியைக் காட்டும், பிறகு விளம்பரம். முடிந்ததும் எல்லோரும் அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள்.

இது தென்காசிக்காரர்களுக்கு ஏன் முக்கியம் என்றால், அஞ்சு கிலோமீட்டரில் குற்றாலம் இருக்கிறது.

சீசனில் அங்கே போய்ப் பார்த்தால் மேலே சொன்னது எல்லாம் கண்முன்னால் நடக்கும். மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்ததும் போலீஸ்காரர் விசில் அடிப்பார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்பவர்களுக்கு அவர் வில்லன். ‘அண்ணாச்சி, ஒரே ஒரு நிமிஷம், தலையை மட்டும் நனைச்சிட்டு வந்துருதோம்’ என்று கெஞ்சல். ‘நாங்க மதுரையில இருந்து வர்றோம் சார்’ என்று கோபம். வந்த காசு வீணாகிறதே என்ற கவலை அவரவருக்கு. ஒரு ஆள்கூட ஏன் விசில் அடித்தார் என்று கேட்க மாட்டார்.

ஏன் என்பது எளிய விஷயம்தான். அருவி விழுவது மலையடிவாரத்தில். தண்ணீர் சேர்வது மேலே, கண்ணுக்குத் தெரியாத காட்டில். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மழை கொட்டலாம். அந்தத் தண்ணீர் இறங்கிவர அதிக நேரம் ஆகாது. நிறம் செம்மண்ணாக மாறும், சருகும் குச்சியும் சேர்ந்து வரும், சத்தம் மாறும். இதைத் தெரிந்தவன் உடனே வெளியே வந்துவிடுவான். தெரியாதவன் ‘தண்ணி சூப்பரா வருதுல’ என்று செல்போனை எடுப்பான்.

2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் நடந்தது அதுதான். சீசன்கூட ஆரம்பிக்கவில்லை. கோடை விடுமுறைக் கூட்டம். திடீரென்று வெள்ளம் இறங்கியது. ஜனங்கள் படிக்கட்டில் அலறிக்கொண்டு ஓடிய வீடியோவை நாடே பார்த்தது. திருநெல்வேலியிலிருந்து வந்த 17 வயது மாணவன் அடித்துச் செல்லப்பட்டான். தீயணைப்பு வீரர்கள் தேடி உடலாகத்தான் மீட்டார்கள். அந்த வீடியோ யார் போனிலும் இருந்தது. தேடியவர்களின் வீடியோ யாரிடமும் இல்லை. பாறைக்கும் பாறைக்கும் நடுவில், ஓடுகிற தண்ணீரில், இருட்டுவதற்குள் ஒரு பையனைத் தேடுவது எப்படிப்பட்ட வேலை என்று யோசித்துப் பார்த்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

அதற்கு முன்பு 2022 டிசம்பர் கடைசியில் இதே பழைய குற்றாலத்தில் நாலு வயதுச் சிறுமி ஒருத்தி தண்ணீரில் இழுத்துச் செல்லப்பட்டாள். சுற்றுலா வந்த இடத்தில் நின்றிருந்த ஒரு கார் டிரைவர் பாறைகளில் இறங்கிப் போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். அவள் பிழைத்தாள். அவருக்குக் கிடைத்த பாராட்டு அத்தனையும் நியாயமானது. ஆனால் ஒரு ஊர் தன் உயிர்களை, அந்த நேரத்தில் அந்த இடத்தில் ஒரு தைரியசாலி நிற்பார் என்ற அதிர்ஷ்டத்தின் மேல் வைத்துவிட முடியாது. 2024-ல் தமிழ்நாட்டில் சக்கைப்போடு போட்ட ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ படமும் அப்படித்தான். 2006-ல் கொடைக்கானல் குணா குகையில் விழுந்தவனை நண்பனே இறங்கித் தூக்கிய நிஜக் கதை. கைதட்டலாம், கண்கலங்கலாம். தொழிலாக இதைச் செய்கிறவர்களுக்கு அந்தக் கதையில் கிடைக்கும் இடம் பெருமைப்படும்படி இல்லை.

பிறகு, தூக்கிக்கொண்டு வந்த பின் என்ன செய்வது? தமிழ் சினிமா கற்றுக்கொடுத்தது ஒன்றுதான். ஹீரோ வயிற்றை அமுக்குவார், ஹீரோயின் வாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடிக்கும், கண்ணைத் திறப்பார், பாட்டு. நிஜத்தில் வயிற்றை அமுக்குவது தப்பு. உள்ளிருப்பது மேலே வந்து மூச்சுக்குழலில் போய்விடும். தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது அதைவிடத் தப்பு. மூச்சு இல்லையென்றால் வாயில் வாய் வைத்துக் காற்று ஊதி, நெஞ்சின் நடுவில் அழுத்த வேண்டும். நிமிஷத்துக்கு 100 முதல் 120 வேகத்தில், 30 அழுத்தலுக்கு 2 ஊதல். இந்த முறை மருத்துவ உலகுக்கு வந்தது 1960-ல்தான். அமெரிக்க வீடுகளில் பலர் இதை முதலில் பார்த்தது ஆஸ்பத்திரியில் அல்ல, சனிக்கிழமை ராத்திரி டிவியில்.

தமிழ்நாட்டில் வண்டி இல்லாமல் இல்லை. 2008 செப்டம்பரில் 108 வந்துவிட்டது. ஸ்டேஷன் 51-ல் பார்த்த அதே ஏற்பாடுதான். வண்டியில் ஒரு மருத்துவ உதவியாளர், ஒரு டிரைவர் (அவரைப் ‘பைலட்’ என்பார்கள்), போனில் மறுமுனையில் ஒரு டாக்டர். பாதி வழியில் பிரசவம் பார்த்துத் ‘தாயும் சேயும் நலம்’ என்று பேப்பரில் ஒரு பத்திச் செய்தி வருமே, அதற்குப் பின்னால் இருப்பது அந்த இருவர். இந்தச் சேவையை 2005-ல் ஐதராபாத்தில் தொடங்கியவர் சத்யம் ராமலிங்க ராஜு. ஆம், பி.காம். ஆடிட்டிங் வகுப்பில் 2009 மோசடிக்கு உதாரணமாக வருவாரே, அவரேதான். பேலன்ஸ் ஷீட்டில் இல்லாத காசைக் காட்டியவர் ரோட்டில் இல்லாத ஆம்புலன்சைக் கொண்டுவந்தார். இதுவே ஒரு சீசனுக்குப் போதுமான கதை.

அமெரிக்காவில் வண்டியும் கதையும் சேர்ந்து ஊருக்குள் வந்தன. இங்கே வண்டி மட்டும் வந்தது. அதனால்தான் சைரன் கேட்டால் ஒதுங்குகிறவர்களைவிட, அதன் பின்னாலேயே பைக்கை விட்டு டிராபிக்கைக் கடக்கிறவர்கள் அதிகமாக இருக்கிறார்கள். வண்டிக்குள் இருப்பவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்தவனுக்கு அப்படி ஓட்டக் கை வராது.

சீரியல் எடுப்பவர்கள் சொல்லும் காரணம் காசுதான். அதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தால் ஹாலில் பாதி, கிச்சனில் பாதி என்று ஆயிரம் எபிசோடு எடுத்துவிடலாம். வாரத்துக்கு ஐந்தாறு நாள் ஓட்ட வேண்டியவர்களுக்குத் தினம் ஒரு தீவிபத்து கட்டுப்படியாகாது. ‘எமர்ஜென்சி!’ வாரத்துக்கு ஒருமுறைதான் வந்தது. தீயணைப்புத் துறை வண்டியும் ஆளும் கொடுத்து உதவியது. அதுவும் பல எபிசோடுகளில் ஒரே வண்டி ஒரே கேட்டைத் தாண்டும் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுத்தான் காலத்தை ஓட்டினார்கள். இன்று ஓ.டி.டி.க்காரர்கள் எட்டு எபிசோடில் கொலைகாரனைப் பிடிக்கும் கதையாக எடுத்துத் தள்ளுகிறார்கள். எட்டு எபிசோடில் எட்டுப் பேரைக் காப்பாற்றும் கதை அதைவிட அதிகம் செலவாகிவிடாது. பக்கத்திலேயே, ஆரியங்காவைத் தாண்டினால், வெள்ளத்தை வைத்து ‘2018’ என்றும் நிபாவை வைத்து ‘வைரஸ்’ என்றும் படம் எடுத்து ஜெயித்தும் காட்டிவிட்டார்கள்.

குற்றாலத்தில் எடுத்தால் செட்டுகூட வேண்டாம். அருவி இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, நேந்திரம் சிப்ஸ் கடை, மங்குஸ்தான் கூடை, ஈரத்துண்டோடு பார்டர் பரோட்டாவுக்குக் கிளம்பும் வேன் எல்லாம் இருக்கின்றன. முதல் எபிசோடு ஒரு சாதாரண மத்தியானத்தில் ஆரம்பிக்கட்டும். வெயில். பழைய குற்றாலத்தில் விடுமுறைக் கூட்டம். காவலுக்கு நிற்கும் ஒரு நடுத்தர வயது ஆள் தண்ணீரைப் பார்க்கிறார். நிறம் லேசாக மாறியிருக்கிறது. விசிலை எடுத்து ஊதுகிறார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி ஊதுகிறார். ‘இப்பத்தான வந்தோம் அண்ணாச்சி’ என்கிறான் ஒரு காலேஜ் பையன். அவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்குகிறார்.